குரல் பதிவுக்கு மைக் வாங்கும் முன்: மனிதர்களிடம் தரவு எடுக்கும் முதல் ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

பேச்சை எழுத்தாக்கும் ஒரு சின்ன மாடல் செய்ய வேண்டும். அதற்கு நெல்லை வழக்கிலும் கொங்கு வழக்கிலும் பேசுகிற 40 பேரின் குரல் வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகவோ முனைவர் பட்ட ஆய்வாகவோ இப்படி ஒன்றைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மைக் வாங்குகிறார்கள். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம் எல்லாம் கட்டுரை அனுப்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வதும் அதனால்தான். தரவு எடுத்து முடித்த பிறகு முன்தேதியிட்டு அனுமதி கொடுக்க எந்த ஒழுங்கான குழுவும் சம்மதிக்காது. அனுமதி எண் இல்லாத கட்டுரையை நல்ல மாநாடு திருப்பி அனுப்பும். ஆறு மாத உழைப்பு ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கும்.

இங்கே குரல் தரவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். முகப்படம், கேள்வித்தாள், செயலியின் பயன்பாட்டுப் பதிவு என்று நீங்கள் எடுப்பது வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

1. எடுக்காமலே முடியுமா என்று பாருங்கள்

தமிழ்க் குரல் தரவு ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற பொதுக் குரல் தொகுப்பில் தமிழ் உண்டு. குரல் தரவுகளைப் பகிரும் ஓப்பன் எஸ்.எல்.ஆர். தளத்தில் 65-ஆம் எண்ணில் ஒரு தமிழ்த் தொகுப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்று வெளியிட்ட தொகுப்புகளிலும் தமிழ் இடம்பெறுகிறது. உங்கள் கேள்விக்கு இவை போதுமென்றால் புதிதாக ஒருவரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

போதுமா என்று முடிவுசெய்யும்போதே உரிமத்தையும் படித்துவிடுங்கள். காமன் வாய்ஸ் தொகுப்புக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் பேசியவர் யார் என்று கண்டுபிடிக்க முயலமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் இறக்க வேண்டும். சில உரிமங்கள் நீங்கள் செய்ததையும் அதே நிபந்தனையில் வெளியிடச் சொல்லும்.

யூடியூபில் கொட்டிக்கிடக்கிறதே, அதை இறக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவெளியில் பேசியவர் ஆய்வுக்குக் குரல் கொடுத்ததாகப் பொருளில்லை. மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து திரட்டிய எம்.எஸ்.செலப் முகத் தொகுப்பில் சுமார் 1 லட்சம் பேரின் 1 கோடிப் படங்கள் இருந்தன. படத்தில் இருந்தவர்களைக் கேட்கவில்லை. 2019-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அது பலர் கைக்குப் போய்விட்டது, பிரதிகள் தொடர்ந்து சுற்றின. வெளியே விட்ட தரவைத் திரும்ப அள்ள முடியாது என்பது இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாப் படிகளுக்கும் காரணம்.

2. தரவு போகும் வழியை ஒரு தாளில் வரையுங்கள்

ஒப்புதல் படிவத்தை முதலில் எழுதாதீர்கள். பெரும்பாலோர் இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிப் படிவத்தை எடுத்து, 'தங்கள் தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பாதுகாப்பாக எங்கே, யாரிடம் என்று கேட்டால் பதில் இருக்காது. முதலில் வழியை வரையுங்கள். படிவம் அதிலிருந்து தானாக வரும்.

குரல் தரவுக்கு வழி ஏறத்தாழ இப்படி: பதிவுக் கருவி, மடிக்கணினி, எழுத்தாக்கம் செய்யும் ஆள், லேப் சர்வர், மாடலின் பயிற்சிக்கு வாடகைக்கு எடுக்கும் கிளவுட் கணினி, கடைசியில் வெளியீடு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் திறக்க முடியும், எத்தனை நாள் இருக்கும், யார் அழிப்பார்.

அளவையும் கணக்குப் போடுங்கள். 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சேனல் வேவ் கோப்பு நொடிக்கு 32,000 பைட் எடுக்கும். மணிக்கு 115 எம்.பி. ஆளுக்கு 15 நிமிடம், 40 பேர் என்றால் 10 மணி நேரம், சுமார் 1.15 ஜி.பி. மொத்தத் தரவும் ஒரு சின்ன பென் டிரைவில் அடங்கிவிடுகிறது. ஆகவே 'இடம் போதவில்லை, அதனால் கூகுள் டிரைவில் போட்டோம்' என்பதற்கு வேலையே இல்லை. கடவுச்சொல் போட்டு முழுமையாக என்கிரிப்ட் செய்த இரண்டு டிஸ்க் போதும், ஒன்று வேலைக்கு, ஒன்று காப்புக்கு. இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

தரவு கசிவது பெரும்பாலும் ஹேக்கரால் இல்லை. மூன்று சாதாரண இடங்களில் கசியும்:

- கைபேசியில் பதிவு செய்தால் பல ரெக்கார்டர் செயலிகள் கோப்பைத் தாமாகவே கிளவுடுக்கு ஏற்றிவிடும். அது உங்கள் சொந்தக் கணக்கு, குடும்பத்தோடு பகிர்ந்த கணக்காகவும் இருக்கலாம். காப்பு வசதியை அணைத்து, ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். நடுவில் போன் வந்து பதிவு கெடுவதும் நிற்கும்.
- கோப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் குழுவில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதி தங்கும். ஆறு மாதம் கழித்து ஒருவர் விலகிக்கொள்கிறேன் என்றால் எத்தனை போனில் தேடுவீர்கள்?
- 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்த ஃபோல்டர். ப்ராஜெக்ட் முடிந்து எல்லோரும் வேலைக்குப் போன பிறகும் அந்த லிங்க் திறந்தே கிடக்கும்.

3. பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடமாட்டார்

இந்தப் படியில்தான் கணினித் துறைக்காரர்களே தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கோப்புக்குப் பெயர் வைக்காமல் குறியீடு வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறியீட்டை எப்படி உண்டாக்குவது? பலர் கைபேசி எண்ணை எஸ்.எச்.ஏ.-256 ஹேஷ் செய்து, அதாவது ஒரு கணக்கால் வேறொரு நீண்ட எண்ணாக மாற்றி, அதையே குறியீடாக்குகிறார்கள். ஹேஷைத் திருப்ப முடியாது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறதே என்ற தைரியம். இந்தியக் கைபேசி எண்ணுக்கு 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு அத்தனையையும் ஹேஷ் செய்து பொருத்திப் பார்க்க நிமிடம்கூட ஆகாது. சாதாரண மடிக்கணினியே ஒரு மதிய வேளையில் முடித்துவிடும். ஆதார் எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் இதே கதிதான். குறியீட்டுக்கும் ஆளுக்கும் கணக்கால் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. 1 முதல் 40 வரை சீட்டுக் குலுக்கி 'கு-17' என்று வையுங்கள். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் தாளில் ஒரே பிரதியாக, கைடின் அலமாரியில் பூட்டிக் கிடக்கட்டும். ஒலிக்கோப்பு இருக்கும் டிஸ்க்கில் அது இருக்கவே கூடாது.

அடுத்தது கூடவே போகும் விவரங்கள். அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒரு மதிப்பீடு செய்தார். அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி ஆகிய மூன்றும் தெரிந்தால் அந்நாட்டு மக்களில் சுமார் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று அதில் தெரிந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவரின் மருத்துவப் பதிவையே, பெயர் நீக்கிய தொகுப்பிலிருந்து அவர் கண்டெடுத்தார். நம் ஊரில் இன்னும் சுலபம். 'வயது 67, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்' என்றொரு வரியோடு கிராமத்தின் பெயரும் இருந்தால், அந்த ஊர் டீக்கடையில் கேட்டாலே வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள்.

கிராமத்துக்குப் பதில் மாவட்டம் போடுங்கள், வயதுக்குப் பதில் பத்தாண்டு வரம்பு போடுங்கள் என்பது வழக்கமான ஆலோசனை. அதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதீர்கள். 2 மாவட்டம், 2 பாலினம், 3 வயது வரம்பு என்றால் 12 கட்டம். 40 பேரை 12 கட்டத்தில் பிரித்தால் சராசரி 3 பேர்தான், சில கட்டத்தில் ஒருவரே நிற்பார். ஒரு கட்டத்தில் 5 பேருக்குக் குறையக் கூடாது என்று வரம்பு வைத்தால் இது தேறாது. வயதை 45-க்குக் கீழ், 45-க்கு மேல் என இரண்டாக்கினால் 8 கட்டம், கட்டத்துக்கு 5 பேர். ஆள் தேடும்போதே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து பேரைத் திட்டமிட்டால்தான் இதுவும் சரியாக வரும். சாதி, தொழில், படிப்பு ஆகியவற்றை உங்கள் ஆய்வுக் கேள்வி கேட்டாலொழிய எழுதிவைக்காதீர்கள். 'பின்னால் உதவும்' என்று வாங்கிவைக்கும் விவரம் அநேகமாகப் பின்னால் தொல்லைதான் தரும்.

கடைசியாக, பேச்சின் உள்ளடக்கம். 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம் 6.5 லட்சம் பயனர்களின் தேடல் சொற்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாளிலேயே செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் தேடிய சொற்களே அவரைக் காட்டிக்கொடுத்தன. தாராளமாகப் பேசச் சொன்னால் உங்கள் பதிவிலும் இது நடக்கும். 'எம் பேரன் டவுன் ஸ்கூல்லதான் படிக்கான், அவங்க அப்பன் வளைகுடால இருக்கான்' என்று தொடங்கி, மருமகள் சண்டை வரை வந்துவிடும். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'உங்க குடும்பத்தப் பத்திச் சொல்லுங்க' என்பதை விட்டுவிட்டு 'புளிக்குழம்பு எப்படி வைப்பீங்க', 'நெல்லு நாத்து நடுறது எப்படி' என்று கேளுங்கள். வட்டார வழக்கு இன்னும் நன்றாகவே வரும். மீறி வந்த பெயர்களை ஒலியில் மௌனமாக்கி, எழுத்தாக்கத்திலும் நீக்குங்கள். ஒன்றில் நீக்கி மற்றொன்றில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இவ்வளவு செய்தும் குரல் என்பது முகம் மாதிரி, தெரிந்தவர் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார். எனவே படிவத்திலும் கட்டுரையிலும் 'அடையாளம் முற்றிலும் நீக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். 'பெயருக்குப் பதில் குறியீடு இடப்பட்டது' என்பதே உண்மை.

4. இப்போது ஒப்புதல் படிவம்

ஒரு பக்கம் போதும். தமிழில், பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 'இவ்வாய்வின் பொருட்டுத் திரட்டப்படும் தங்களது குரல்சார் தரவுகள் கல்விசார் நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்படும்' என்ற வாக்கியத்தை எழுதியவருக்கே அதன் பொருள் தெரியாது. இப்படி எழுதலாம்:

'நீங்கள் பேசுவதை 15 நிமிடம் பதிவு செய்வோம். கணினிக்கு உங்கள் ஊர்ப் பேச்சைப் பழக்க அதைப் பயன்படுத்துவோம். ஆய்வுக் குழுவில் 3 பேர் மட்டும் கேட்பார்கள். உங்கள் பெயரை வெளியே சொல்லமாட்டோம், ஆனால் உங்களைத் தெரிந்தவர் கேட்டால் குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிடிக்காவிட்டால் நடுவிலேயே நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்ன தேதிக்குள் சொன்னால் பதிவை அழித்துவிடுவோம். அதன் பிறகு கணினி பழகிவிடும், பிரித்தெடுக்க முடியாது.'

கடைசி இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று எழுதிவிட்டு மாடலைப் பயிற்றுவித்த பின் விழிப்பதைவிட, தேதியை முன்பே சொல்வது நேர்மை.

சம்மதத்தை ஒரே கையெழுத்தில் மூட்டையாக வாங்க வேண்டாம். பதிவு செய்ய, பிற ஆய்வாளருக்குக் கொடுக்க, கூட்டத்தில் ஒலிபரப்பிக் காட்ட என்று மூன்று தனிக் கட்டங்கள் வையுங்கள். முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி வேண்டும். சில நொடிக் குரலை வைத்தே ஒருவர் பேசாததைப் பேசவைக்கும் மென்பொருள் வந்துவிட்ட காலம் இது. இரண்டாவது கட்டத்துக்கு மேலே அந்த ஆபத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதையும் வாசித்துக்காட்டி, உங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டு வாங்க வேண்டும், சாட்சியும் கையெழுத்திட வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'வேண்டாம்னு தோணிச்சுன்னா என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், புரிந்ததா இல்லையா தெரிந்துவிடும். படிவத்தின் ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம், பிள்ளையின் விருப்பமும் வேண்டும். 2017-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் வாங்க வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18-க்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்றே கொள்கிறது. முதல் ப்ராஜெக்ட் என்றால் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

யாரைக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆசிரியர் தன் வகுப்பு மாணவர்களிடம் 'விருப்பமிருந்தால் வாங்க' என்றால் இன்டர்னல் மார்க்கை நினைத்தே பாதிப் பேர் வருவார்கள். அழைப்பை அந்தப் பாடம் எடுக்காத ஒருவர் விடுக்கட்டும். யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலியும் கொடுப்பது நியாயம். வேண்டாமென்று சொல்ல மனம் வராத அளவுக்குத் தொகை பெரிதாகக் கூடாது. நடுவில் எழுந்து போனவருக்கும் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

செயலியின் 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' பொத்தானை ஆய்வுச் சம்மதமாகக் கொள்ளலாமா? 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரின் செய்தியோடையில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. 2014-இல் கட்டுரை வந்ததும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, வெளியிட்ட ஆய்விதழே கவலைக் குறிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கொள்ளலாமா என்ற கேள்விக்கு அதுவே பதில்.

5. குழுவிடம் போகும்போது

மேலே சொன்ன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக வழிகாட்டுதல் மருத்துவ, சுகாதார ஆய்வுக்கென்று எழுதப்பட்டது. ஆனாலும் பெரும்பாலான நிறுவனக் குழுக்கள் அதன் அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன: 7 முதல் 15 உறுப்பினர், தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து, உறுப்பினர்-செயலர் உள்ளே இருந்து, சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாதாரணக் குடிமகன் ஒருவர். விண்ணப்பத்தை அந்தக் கடைசி ஆளுக்குப் புரியும்படி எழுதுங்கள். 'டிரான்ஸ்ஃபார்மர் மாடலை ஃபைன்-ட்யூன் செய்வோம்' என்ற வரி அவருக்கு ஒன்றும் சொல்லாது.

விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை என்று மூன்று வகை உண்டு. எது என்று முடிவு செய்வது குழுவின் வேலை, உங்களுடையதல்ல. 'எங்கள் ஆய்வுக்கு அனுமதி தேவையில்லை' என்று நீங்களே தீர்மானித்து விண்ணப்பிக்காமல் விடுவது பின்னால் செல்லாது. உங்கள் கல்லூரியில் குழுவே இல்லையென்றால் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் குழுவை அணுக வழியுண்டு, பக்கத்து மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். ஒரு சுற்றில் கேள்வியோடு திரும்பி வரும் என்று எதிர்பார்த்தே நாள் கணக்குப் போடுங்கள். படிவமும் விண்ணப்பமும் முரண்படுவதால் திரும்பி வருவதுதான் அதிகம். விண்ணப்பத்தில் 5 ஆண்டு வைத்திருப்போம் என்றும் படிவத்தில் ஆய்வு முடிந்ததும் அழிப்போம் என்றும் இருக்கும். தரவு வழித்தாள் கையில் இருந்தால் இந்தப் பிழை வராது.

அனுமதி கிடைத்தாலும் பொறுப்பு குழுவுக்கு மாறிவிடாது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வேண்டுமென்றே பிழையுள்ள திருத்தங்களை அனுப்பி, பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்தார்கள். மனிதர்கள்மீதான ஆய்வு இல்லை என்று அவர்களுடைய குழு சொல்லிவிட்டது. திருத்தத்தைப் படித்துப் பார்த்தவர்கள் மனிதர்கள்தானே! 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே நிறுத்திவைத்தார், ஆய்வாளர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பாதுகாப்பு, நெட்வொர்க் ஆய்வு செய்பவர்கள் 2012-இல் வந்த மென்லோ அறிக்கையைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நேரடியாகப் பேசாமலே ஆயிரக்கணக்கானவரைத் தொடும் கணினி ஆய்வுக்கென்றே அது எழுதப்பட்டது.

6. முடிவை எழுதும்போது

ஒருவருடைய பதிவின் பாதி பயிற்சியிலும் மறுபாதி சோதனையிலும் போனால் மாடல் ஆளின் குரலைப் பழகிக்கொண்டு பிரமாதமான எண்ணைக் காட்டும். கோப்புகளைக் கலைத்துப் பிரிக்காமல், ஆட்களைப் பிரியுங்கள்: 32 பேர் பயிற்சிக்கு, 8 பேர் சோதனைக்கு. தெரியாமல் செய்தால் பிழை, தெரிந்த பிறகும் அந்த எண்ணையே போட்டால் மோசடி.

சராசரியை மட்டும் போடாதீர்கள். 2020-இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தபோது சொற்பிழை விகிதம், அதாவது தவறாக எழுத்தாக்கிய சொற்களின் பங்கு, வெள்ளையருக்கு 0.19, கறுப்பினத்தவருக்கு 0.35 என்று வந்தது. சராசரியில் இது தெரிந்திருக்காது. உங்கள் அட்டவணையிலும் நெல்லை, கொங்கு, ஆண், பெண், இளையோர், முதியோர் என்று தனித்தனி வரி இருக்கட்டும். 8 பேர் சோதனை என்றால் கட்டத்துக்கு ஒருவர்தான். அப்போது ஒவ்வொரு கூறையும் தனியாகக் காட்டுங்கள், சேர்த்துக் காட்ட ஆள் போதாது என்று எழுதிவிடுங்கள்.

பிறர் எழுத்தை எடுத்தாண்டதைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் படிப்புக்கான உங்கள் பதிவே ரத்தாகும். எண்ணைக் குறைக்கச் சொல்மாற்று மென்பொருளில் போட்டு எடுப்பவர்கள், 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'போலி உணர்வு' என்று மாறி அச்சேறியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட சொற்களை வைத்தே கண்டுபிடிக்கப்பட்டுப் பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் வரிசையை, யார் என்ன செய்வார் என்ற குறிப்போடு, முதல் பதிவுக்கு முன்பே எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். வேலை செய்யாத எச்.ஓ.டி. பெயரைச் சேர்ப்பது மரியாதையென்று பட்டால் அதற்கு நன்றியுரை என்றொரு பகுதி இருக்கிறது.

7. அழிப்பு

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் மென்பொருள் கிட். நிரலை வெளியிடும் முன் அதன் வரலாற்றைப் பாருங்கள். தவறி ஏற்றிய ஒலிக்கோப்பை அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த சேமிப்பில், நீக்கினாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். 'கிட் ஃபில்டர்-ரெப்போ' கொண்டு வரலாற்றையே மாற்றி எழுதலாம், ஆனால் ஏற்கெனவே ஒருவர் பிரதி எடுத்திருந்தால் அது கையை விட்டுப் போனதுதான். ஆகவே தரவு ஃபோல்டரை ரெப்போவுக்கு (கிட் கண்காணிக்கும் ஃபோல்டருக்கு) வெளியே, முதல் நாளிலிருந்தே வையுங்கள்.

வழித்தாளை எடுத்து ஒவ்வொரு நிறுத்தமாக டிக் அடித்துக்கொண்டே அழியுங்கள்: ரெக்கார்டரின் கார்டு, மடிக்கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர், எழுத்தாக்கம் செய்தவரின் கணினி, கிளவுட் வாடகை டிஸ்க். பிந்தையதை மறந்தால் மாதாமாதம் கட்டணமும் வரும். விலகியவர்களின் குறியீட்டுப் பட்டியலோடு மீதித் தரவை ஒருமுறை ஒத்துப்பாருங்கள். கடைசியாகக் குறியீட்டுப் பட்டியல் தாளை, வைத்திருப்பதாகச் சொன்ன காலம் முடிந்த அன்று, கைடும் நீங்களும் சேர்ந்து கிழித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு வரியைக் குழுவுக்கு அனுப்புங்கள். குழுவின் கோப்பு அதோடுதான் மூடப்படும்.